ஆறு அங்குலக் குழாய்

ஆகஸ்ட் 4, திங்கள், காலை 7.40. முடிந்த ஹெட்போன் தாங்கி 2. அரைகுறை 6. இயர்போன் தொங்கவிடும் தட்டு 3.

கச்சான் காற்று விடிய விடிய. முற்றத்தில் அறுத்துப் போட்டிருந்த குழாய்த் துண்டுகள் வேலிவரை உருண்டு போய்க் கிடந்தன. பொறுக்கிச் சேர்க்கப் பத்து நிமிடம் வீண்.

செய்முறை. அடுத்த முறை நின்று யோசிக்காமல் இருக்க:

– அடிப்பலகை, எட்டு அங்குலச் சதுரம். பழைய கட்டில் சட்டம் போதும்.
– நடுவில் ஓர் அடித் தடி.
– உச்சியில் ஆறு அங்குலப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, படுக்கையாக. இதுதான் தலை.
– தலைக்கு மேல் சைக்கிள் ரியூப், இரண்டு சுற்று, பசை.

ரியூப் சுற்றியபின் இந்தத் தலை மனிதத் தலையைவிடப் பருமன். வேண்டுமென்றே. ஹெட்போன் பிடித்த பிடியில் நிற்கும். கதவு திறந்து காற்று அடித்தாலும், வெளியே கிரேன் உருண்டு மேசை நடுங்கினாலும் விழாது. முதல் இரண்டும் ஜூனில் செய்தவை. ஏழு வாரம், ஒரு முறைகூட விழவில்லை.

இயர்போனுக்கு அக்காவின் பழைய இடியப்பத் தட்டு. சுவரில் ஆணி, ஓட்டைக்கு ஓர் இயர்போன். வயர் சிக்காது. காசு கொடுத்து வாங்கும் சாமான் இதைவிட மோசம்.

அக்கா குசினியில் இருந்து: "டேய், என்ர இடியப்பத் தட்டு மூண்டைக் காணேல்ல."

"அது பழசு அக்கா."

"பழசில அவிச்சா இடியப்பம் வேகாதோ? உன்ர கொம்பனிக்கு இடியப்பத் தட்டும் நான்தான் குடுக்கோணுமோ?"

அத்தான் பல் விளக்கிக்கொண்டே வந்து தன் தலைக்கவசத்தைக் குழாய்மேல் வைத்துப் பார்த்தார். இறங்கவில்லை. அவருடைய கவசத்தின் பட்டி கடைசி ஓட்டைக்கு இறுக்கியது. அவ்வளவு சின்னத் தலை. துறைமுகத் தளத்தில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"மச்சான், உன்ர குழாய்க்கு என்னைவிடப் பெரிய தலை. மூளையும் வைச்சியெண்டா என்ர வேலைக்கு அனுப்பலாம்."

7.55க்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் புறப்பாடு. அவர் பின்னால். அன்புவழிபுரம் முதல் துறைமுகம் வரை என் காதுக்குள் கதை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். எங்கள் தொழிற்பாதுகாப்புப் பிரிவு அறை தகரப் பெட்டி, மத்தியானம் 38 பாகை. குளிரூட்டியை மாலை ஐந்துக்கு நிறுத்திவிடுகிறார்கள்.

பொறுப்பதிகாரி குணரத்தினம் சேர் (இனி கு.) புதுத் தாங்கிகளைப் பார்த்தார். கிரேன் ஆட்களின் வானொலி ஹெட்போன் ஆறும் இதில்தான் இனி.

"இதைப் படமெடுத்து மேல அனுப்புறன். உம்மட நிரந்தரக் கடிதத்துக்கும் உதவும். 21ஆம் திகதி கையில வரும்."

தகுதிகாண் காலம் முடிய 16 நாள்.

கு.வுக்குத் தெரியாதது: இந்தத் தாங்கிக்கெல்லாம் காரணம் மான். செவிப் பரிசோதனை ஹெட்போனின் பெட்டி மழையில் நனைந்தது. நான் வெளியே காயவைத்தேன். இந்த ஊர்த் தெருக்களில் திரிகிற மான்கள் வாசலுக்கு வந்து மட்டையைத் தின்று, உள்ளே இருந்த பஞ்சை மட்டும் விட்டுவிட்டுப் போயின. பெட்டி போனது என்று எழுத வெட்கம். தாங்கி செய்தேன். இப்போது புகழ்.

வியாழன் வருடாந்தச் செவிப் பரிசோதனை. இரைச்சலில் வேலை செய்கிற 31 பேர். ஹெட்போன்-2 ஜூனிலேயே அளவுத்திருத்தத்துக்குக் கொழும்பு போய்விட்டது. எல்லோருக்கும் ஹெட்போன்-1. ஒரு நாளில் முடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

8.05 முதல் 4.50 வரை. 31 பேர். தேறியவர் 25. தேறாதவர் 6. போன வருடம் தேறாதவர் 1.

விதி: பீப் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எத்தனை டெசிபலில் கேட்கிறதோ அதுவே எண், கூடினால் மோசம். தாழ்ந்த ஒலி மூன்றின் (500, 1000, 2000 ஹேர்ட்ஸ்) சராசரி 25 டெசிபலுக்கு மேலே போனால் இரைச்சல் பகுதியில் வேலை இல்லை. நிரந்தர ஆளாயின் இடமாற்றம். ஒப்பந்த ஆளாயின் ஒப்பந்தம் நீடிப்பதில்லை.

வரிசையில் நின்றவர்களின் கதை:

"உள்ளுக்கு என்ன கேக்குது?"
"மனிசி கூப்பிடுற மாதிரிக் கேக்குது."
"அப்ப அழுத்தாத. கேக்கேல்லையெண்டு இருந்திடு."

மூன்றுமுறை வெளியே போய்ச் சத்தம் போட வேண்டாம் என்றேன். நாலாம் முறை கதவை அறைந்தேன்.

அத்தான் பன்னிரண்டாவது ஆள். கதிரையில் நிமிர்ந்து இருந்து, படம் எடுக்கிற மாதிரிச் சிரிப்பு. 500இல் 40. திரும்பச் செய்தேன். 40. ஆயிரத்தில் 35. இரண்டாயிரத்தில் 20. சராசரி 31 சொச்சம். போன வருடம் 12.

"என்ன மச்சான், பாஸா?"

"முடிவு திங்கள் வரும்."

"உன்ர முகத்தில இப்பவே வந்திட்டுது."

சொந்தக்காரர் என்று மூன்றாம் முறை செய்ய முடியாது. மற்றவர்களுக்கு இரண்டுதான் செய்தேன். 40 என்றே எழுதினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காற்று குறைவு. கடல் கண்ணாடி.

பட்டியல் 10 மணிக்கு ஒட்டப்பட்டது. ஆறு பெயர். மூன்று நிரந்தர ஆட்கள், மூன்று ஒப்பந்தம். அத்தான் ஒப்பந்தம். ஒப்பந்தம் முடியும் திகதி 15, வெள்ளி.

அத்தான் வேலை செய்யும் துரு தட்டும் பகுதியில் யாரோ, அவரைப் பார்த்து, கைகளைக் குழாய் மாதிரி வாயில் வைத்து: "ஜெயமண்ணை! தேத்தண்ணி! தே... த்தண்... ணி!" எல்லோரும் சிரிப்பு. அத்தானும் சிரித்தார். தேநீரைக் குடிக்கவில்லை.

மாலை வீட்டில், உடுப்பு மாற்றாமல் வந்து என் முன்னால் நின்றார்.

"எனக்குக் கேக்குதடா."

"தாழ்ந்த ஒலியில குறைஞ்சிருக்கு. உங்களுக்கே தெரியாது. மெல்ல மெல்லப் போறது அப்பிடித்தான்."

"அந்தா, மூண்டாம் வீட்டில றேடியோ போகுது. செய்தி. சொல்லட்டோ என்ன சொல்லுறானெண்டு?"

"அத்தான், நான் இரண்டு தரம் செக் பண்ணினனான். பேப்பர் பொய் சொல்லாது."

கிணற்றடிக்குப் போனார். வாளி விழுந்த சத்தம். நெடுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் வரவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வீட்டில் எல்லோரும் கத்துகிறார்கள்.

யாரும் முடிவு செய்து கத்தவில்லை. பட்டியல் வந்த அன்றிலிருந்து அக்கா அவரோடு பேசும்போது குரல் தானாக ஏறுகிறது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் சைகையில் கேட்கிறா, சாப்பிட்டாச்சா என்று. அத்தானும் சைகையில் பதில்: வயிற்றைத் தடவி, கைகூப்பி. மாமிக்கு விளங்கவில்லை, பகிடி என்று.

"சோறு போடட்டோ?" அக்கா, கூரை அதிர.

"ஏன் கத்துறாய்? பக்கத்திலதானே இருக்கிறன்."

"கத்தேல்லையே."

"நீ கத்துறாய். இவன் கத்துறான். வேலைத்தளத்தில சிக்குரிட்டி கூடக் கத்துறான். காலமை அடையாள அட்டையைக் காட்டினா, 'ஓம் அண்ணை, போங்கோ' எண்டு காதுக்குள்ள வந்து கத்துறான்."

பிறகு கவனித்தேன்: அவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவைத்தார். முன்பு 14. இன்று 22. அவரே சந்தேகப்படத் தொடங்கிவிட்டார்.

தாங்கி 8 முடிந்தது. கு. படம் அனுப்பினாராம். மேலிடம் "மிக நன்று" என்று பதில்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அத்தானின் கடைசி நாள். தலைக்கவசம், கையுறை, காதடைப்பான் திருப்பி ஒப்படைப்பு. ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து வாங்கியது நான். வேறு யாரும் இல்லை அந்த நேரம்.

காதடைப்பானைக் கையில் உருட்டிப் பார்த்தார். "ஒரு நாளும் இதைக் கழட்டேல்ல மச்சான். வெக்கையில காது அவிஞ்சாலும் கழட்டேல்ல. உனக்குத் தெரியும்தானே."

தெரியும். அந்தப் பகுதியில் ஒழுங்காகப் போட்டது அவர் மட்டும்தான்.

வண்டியில் பின்னால் கதை இல்லை. பாலையூற்றுச் சந்தியில் மட்டும், "மெல்லப் போ."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சல்லியில் இருந்து அத்தானின் பழைய கூட்டாளிகள் இருவர் வந்தார்கள். அத்தான் பிறந்த ஊர் சல்லி. கலியாணத்துக்கு முன் கடலுக்குள் இறங்கிச் சங்கும் கடலட்டையும் எடுத்தவர். அக்காவுக்காக விட்டார். எட்டு வருடம்.

"தண்ணி நல்ல தெளிவு. ஒரு ஆள் குறையுது. வியாழன் விடிய இறங்குறம்."

அக்கா கதவு நிலையில்: "அவருக்குத் தடிமன். மூக்கு அடைச்சுக் கிடக்கு. காதும் சரியில்லையெண்டு எழுதிக் குடுத்திருக்கு."

கூட்டாளி: "கடலுக்குள்ள ஆர் கதைக்கிறது, கேக்க?"

சிரித்தார்கள். அத்தான்: "வாறன்."

ஆகஸ்ட் 18, திங்கள். மாலை 4.20.

ஹெட்போன்-2 கொழும்பிலிருந்து வந்தது. மட்டைப் பெட்டியில், பஞ்சுக்குள், சுருங்கிய நிலையில். தாங்கியில் மாட்ட எடுத்தேன். மாட்டுவதற்கு முன் போட்டுப் பார்த்தேன்.

கவ்வியது. நண்டு கவ்வுகிற மாதிரி.

உடனே ஹெட்போன்-1ஐப் போட்டேன். தலையில் தொப்பி மாதிரி இருந்தது. குனிந்தேன். கழன்று மடியில் விழுந்தது.

கதவைப் பூட்டினேன். என்னை நானே சோதித்தேன்.

ஹெட்போன்-2: 500இல் 10. ஆயிரத்தில் 10.
ஹெட்போன்-1: 500இல் 30. ஆயிரத்தில் 25.

நாலு தரம். அதேதான். என் காது ஒன்று. ஹெட்போன் இரண்டு.

ஹெட்போன்-1இன் தலைப்பட்டித் தகடு விரிந்து தளர்ந்துவிட்டது. ஒன்பது வாரம், இரவும் பகலும், தகரப் பெட்டி வெக்கையில், மனிதத் தலையைவிடப் பருமனான தலையில். நான் செய்த தலையில். காதுக் கிண்ணம் காதோடு ஒட்டவில்லை. தாழ்ந்த ஒலி இடைவெளியால் வெளியே போகிறது, வெளியே துரு தட்டும் சத்தம் அதே இடைவெளியால் உள்ளே வருகிறது.

படித்தவன் நான். இரைச்சல் முதலில் தின்பது உயர்ந்த ஒலியை. நாலாயிரத்தில் பள்ளம் விழும். அத்தானின் தாளில் நாலாயிரம் 15. சுத்தம். தாழ்ந்த ஒலி மட்டும் போயிருந்தது. தலைகீழ். ஆறு தாளிலும் அதே தலைகீழ். 7ஆம் திகதி அதைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். அவசரம். 31 பேர்.

கையேடு, பக்கம் 31: தலைப்பட்டியை விரித்த நிலையில் வைக்கக் கூடாது. இன்றுதான் அந்தப் பக்கம் திறந்தது.

இன்னொன்று. ஒவ்வொரு நாள் காலையும் சோதிப்பவர் தன் காதில் போட்டுப் பார்த்துப் படிவத்தில் குறிக்க வேண்டும். ஜூன் தொடக்கம் எல்லா நாளும் "சரி". ஒரே பேனா. வெள்ளிக்கிழமைகளில் முழு வாரத்துக்கும் சேர்த்துப் போட்டது.

ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மீன்காரரிடம் தொங்கு தராசு இரவல். "என்ன தம்பி, தளத்தில மீன் பிடிச்சியளோ?"

ஒரு கிண்ணத்தைக் கட்டி, மற்றதைத் தலையகலத்துக்குத் தராசால் இழுத்தேன்.

ஹெட்போன்-2: 440 கிராம்.
ஹெட்போன்-1: 190.
தேவை: 450 அளவில்.

பிறகு ஆறு பேரின் தலைக்கவசப் பட்டியைப் பார்க்கப் போனேன். எனக்கே ஏன் என்று தெரியாமல். ஒப்பந்த ஆட்கள் ஒப்படைத்த மூன்று களஞ்சியத்தில், மற்ற மூன்று நிரந்தர ஆட்களின் தலையில். ஆறும் கடைசி ஓட்டை அல்லது அதற்கு முந்தியது. சிறிய தலைக்காரர்கள் தேறவில்லை. பெரிய தலைக்காரர்களுக்கு மிச்சப் பிடி போதுமாக இருந்திருக்கிறது.

காதைச் சோதிக்கவில்லை நான். தலையை அளந்திருக்கிறேன்.

கு.வின் அறைக் கதவுவரை போனேன். உள்ளே அவர் தொலைபேசியில்: "ஓம், வியாழன் கடிதம் குடுக்கிறன். கெட்டிக்காரப் பொடியன்."

திரும்பி வந்தேன். இரண்டு நாள்தானே. கடிதம் கையில் வந்தபின் சொன்னால் ஆறு பேரையும் மறுபடி சோதிக்கலாம், நானும் உள்ளே நின்று சோதிக்கலாம். இப்போது சொன்னால் என்னை வெளியே போட்டுவிட்டு, ஹெட்போனையும் பூட்டிவைப்பார்கள். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

மாலை. அத்தான் கடலுக்குள் போடும் தன் பழைய முகக்கண்ணாடியைக் கழுவி, ரப்பர் வெடித்த இடத்துக்கு என்னிடம் பசை கேட்டார். தாங்கிக்கு ரியூப் ஒட்டிய அதே பசை. கொடுத்தேன்.

அவருக்குத் தும்மல், மூன்று தரம்.

அக்கா (கத்தி): "தடிமனோட இறங்கினா காதில பிடிக்கும். நீங்கள்தானே முந்திச் சொல்லுவியள்."

"கத்தாத. வீட்டில இருந்தா நீங்கள் எல்லாரும் கத்தியே என்ர காதை உண்மையாச் செவிடாக்கிப் போடுவியள்."

நான்: "அத்தான், நாளைக்குப் போகாதேங்கோ. வெள்ளிக்குப் போகலாம்."

"ஏன், வெள்ளிக்கு என்ன?"

"தடிமன் மாறட்டும்."

"தடிமனுக்கு நாள் பாக்கிறானாம்." அக்காவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மெல்ல: "வேற ஏதும் சொல்லப் போறியோ?"

அவருக்கு எல்லாம் கேட்கிறது. சொல்லாததுகூட.

"இல்லை" என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

4.45: அத்தான் போன சத்தம். படுக்கையில் விழித்தபடி.
9.15: கடிதம். இன்றிலிருந்து நிரந்தரம். கு. கைகொடுத்தார்.
9.20: சொன்னேன்.

"சேர், ஒரு பிழை நடந்திருக்கு."

"கடிதத்திலயோ? பேர் எழுத்துப் பிழையோ?"

"ஹெட்போனில."

இரண்டையும் மேசையில் வைத்தேன். தராசு. எண்கள். கு. தானே போட்டுக் குனிந்து பார்த்தார். ஹெட்போன்-1 அவர் தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டது. சிரிக்கவில்லை இருவரும்.

"எப்ப கண்டனீர்?"

"இண்டைக்குக் காலமை."

பொய். இங்கே பதிகிறேன்.

"மற்றவை ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை."

"ஆறு பேரையும் திங்கள் கூப்பிடும். சத்தமில்லாமல்."

நிம்மதியா? ஓம், பத்து நிமிடம் நிம்மதி. அத்தானுக்குத் தொலைபேசி அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கடலில்தானே.

10.05: அக்காவின் அழைப்பு. "காதால இரத்தமாம். எழும்ப ஏலாதாம். படகில சுத்திச் சுத்தி விழுகிறாராம்."

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆஸ்பத்திரி. வார்டில் மின்விசிறி நாலு, ஓடுவது ஒன்று.

கூட்டாளி சொன்னது: முதல் இறக்கம். ஐந்து பாகம், முப்பது அடி ஆழம்கூட இல்லை. மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறக்க முடியவில்லை, தடிமன். ஏறி வரும்படி கயிற்றை இழுத்தார்கள். அத்தான் இன்னும் இறங்கினார். "இடது காதில உடைஞ்ச மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒண்டும் இல்லையாம்."

டொக்டர், சிறு பெண், தாளில் காதைக் கீறிக் காட்டினா. "செவிப்பறை கிழிஞ்சது ஆறலாம். உள்காதிலயும் அடிபட்டிருக்கு. அதாலதான் தலைசுத்து. இடது காது திரும்பிக் கேக்குமெண்டு நான் சொல்லமாட்டன்."

"எத்தினை வீதம்?" என்றேன்.

"தம்பி, நான் சொல்லமாட்டன் எண்டனான்."

அத்தான் கட்டில் சட்டத்தை இரு கையாலும் பிடித்தபடி. கட்டில் சுழல்கிறதாம். நான் இடது பக்கம் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. அக்கா தோளைத் தொட்டா.

"மச்சான், இந்தப் பக்கம் வா. அந்தப் பக்க வீட்டில ஆக்கள் இல்லை."

சிரிக்க முயன்றார். வாந்தி வந்தது. பேசின் சட்டியைப் பிடித்தேன். துடைத்துவிட்டபின்:

"நீ சொன்னது சரி. பேப்பர் பொய் சொல்லேல்ல. காதில முதலே பழுது இருந்திருக்கு. அதுதான் தண்ணி தாங்கேல்ல. நான்தான் நம்பாமல் இறங்கினனான்."

அக்கா: "அவன் அப்பவே சொன்னவன். போக வேண்டாமெண்டும் சொன்னவன். நீங்கள் ஆற்ற சொல்லைக் கேட்டியள்?"

எனக்கு ஆதரவாகப் பேசுகிறா. வாயைத் திறந்தேன். நர்ஸ் வந்து, பார்வையாளர் நேரம் முடிந்தது என்றா. போனேன். வாயைத் திறந்தது பதிவில் சேராது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒன்றுமில்லை. வண்டிக்குச் சங்கிலி எண்ணெய். அக்கா ஆஸ்பத்திரிக்கு இடியப்பம் அவித்தா, இருக்கிற தட்டில் தவணை தவணையாக. மூன்று தட்டு குறைவால் ஒரு மணி நேரம் அதிகம். கேட்கவில்லை என்னிடம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மறுசோதனை. ஹெட்போன்-2. காலைச் சுயசோதனை உண்மையாகச் செய்தேன். 500இல் 10.

ஐந்து பேர். ஐந்து பேரும் தேறினர். 500இல் 15, 20, 15, 10, 15. ஒருவர் என் கையைப் பிடித்து அழுதார். "தம்பி, நீர் கடவுள் மாதிரி." கையை இழுத்துக்கொண்டேன். முரட்டுத்தனமாக இருந்திருக்கும்.

பிறகு கு. கதவைச் சாத்தினார்.

"ஐந்து பேரையும் திரும்ப எடுக்கிறம். கருவி மாறினதால மறுசோதனை எண்டு ஒரு வரி. ஜெயத்தின்ர தாள் அப்பிடியே இருக்கட்டும்."

"அவருக்கும் பிழையாத்தானே எடுத்தது சேர்."

"இப்ப எடுத்தா என்ன வரும்?"

"ஃபெயில் வரும்."

"பிறகென்ன? அண்டைக்கும் ஃபெயில், இண்டைக்கும் ஃபெயில். தாளும் ஆளும் ஒத்துப்போகுது."

"7ஆம் திகதி அவருக்குக் கேட்டது."

"அதை ஆர் கண்டது? யோசியும். கேட்கிற ஆளை நாங்கள் செவிடன் எண்டு அனுப்பி, அவர் கடலுக்குள்ள போய்ச் செவிடானவர் எண்டு நீரே எழுதிக் குடுப்பீரோ? கடிதம் வந்து நாலு நாள். உம்மட அக்கா வீட்டில இப்ப சம்பளம் எடுக்கிறது நீர் ஒருத்தர்தானே."

கெட்டவர் இல்லை கு. தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

அத்தானுக்குக் கேட்டது என்பதற்குச் சான்று, எண்ணிப் பார்த்தேன்: போன வருடத் தாள். ஆறிலும் ஒரே தலைகீழ். ஐந்து மறுசோதனை. தராசு எண். ஹெட்போன்-1 இன்னும் தாங்கியில். 11ஆம் திகதி அவர் சொல்லிக்காட்ட வந்த மூன்றாம் வீட்டு ரேடியோச் செய்தி. போதும்.

மாலை வீடு. அத்தானை நாளை விடுகிறார்கள். சுவரைப் பிடித்தால் நடக்கிறாராம். அக்கா வாசலில் கயிறு கட்டுகிறா, கிணற்றடி வரை பிடித்துப் போக. முடிச்சு நான் போட்டேன்.

இனிச் செய்வது:

1. எட்டில் ஏழு தாங்கியை நாளை 8க்கு முன் அறுப்பது. ஒன்றை மட்டும் முழுதாக, அளவு எழுதி, அறிக்கையோடு வைப்பது. கிரேன் ஆட்களின் ஹெட்போன் ஆறையும் அளப்பது.
2. அறிக்கையில் ஆறு பேர் என்று எழுதுவது. ஐந்து அல்ல. நகல் கு.வுக்கு மேலேயும்.
3. கண்ட நாள் 18 என்று எழுதுவது. 21 அல்ல. காலைச் சுயசோதனைப் படிவம் முழுவதும் நான் பார்க்காமல் போட்டது என்றும்.
4. நிரந்தரக் கடிதத்தைக் கிழிக்காமல் பையிலேயே கொண்டுபோவது. அவர்களே கேட்டு வாங்கட்டும்.
5. இடியப்பத் தட்டு மூன்றையும் ஆணியில் இருந்து கழற்றிக் கழுவி அக்காவிடம் கொடுப்பது. அதற்குப் பிறகு அவவுக்குச் சொல்வது, முன்னால் அல்ல.
6. அத்தானுக்குச் சொல்வது. கத்தாமல். வலது பக்கம் போய் இருந்து.